வாசகர் கேள்வி பதில்: ஓரத்து ஒலிபெருக்கிகளை அடக்குவது ஏன்?

கேள்வி: எங்கள் அரங்கில் கம்பம்போல் நிறுத்தப்பட்ட ஒலிபெருக்கித் தொகுப்பில், நடுவில் உள்ளவற்றுக்கு முழுச் சக்தியும் மேல், கீழ் ஓரங்களில் உள்ளவற்றுக்குக் குறைந்த சக்தியும் தரப்பட்டுள்ளது. விலை கொடுத்து வாங்கியவற்றை முழுமையாக இயக்காமல் விடுவது வீண் அல்லவா? (மதுரை வாசகர்)

பதில்: வீண் அல்ல. கம்பத்துக்கு நேர் எதிரே தொலைவில் இருப்பவருக்கு எல்லா ஒலிபெருக்கிகளின் அலைகளும் ஏறக்குறைய ஒன்றுசேர்ந்தே வந்தடைகின்றன. நேர்த்திசையிலிருந்து மேலே விலகிச் செல்லச் செல்ல, கம்பத்தின் இரு நுனிகளிலிருந்தும் அலைகள் கடக்கும் தொலைவுகள் வேறுபடத் தொடங்கும். அந்த வேறுபாடு ஒன்றரை அலைநீளமாகும் திசையை எடுத்துக்கொண்டு, கம்பத்தை மூன்று சம பங்குகளாகப் பிரித்துப் பாருங்கள். நடுப் பங்கின் ஒலி முகடாக வரும்போது, மேல் பங்கும் கீழ்ப் பங்கும் அகடாக வருகின்றன. அனைத்தையும் சமமாக இயக்கினால், ஓரப் பங்குகளில் ஒன்று நடுப் பங்கை அழித்துவிட, மற்றொன்று ஈடின்றி எஞ்சுகிறது. அந்த மிச்சம்தான் பக்க மடல். அது நேர் எதிரே செல்லும் முதன்மைக் கற்றையைவிடச் சுமார் 13 டெசிபல் மட்டுமே தாழ்ந்தது, அதாவது ஆற்றலில் ஏறத்தாழ இருபதில் ஒரு பங்கு. கம்பத்தின் நீளத்தையும் ஒலிபெருக்கிகளின் எண்ணிக்கையையும் இருமடங்காக்கினால் கற்றை ஒடுங்குமே தவிர, இந்த 13 மாறாது.

இரு ஓரங்களும் சேர்ந்து நடுப் பங்குக்குச் சமமாகும்படி அவற்றின் வலிமையைக் குறைத்தால், அந்தத் திசையில் மிச்சம் கரைந்துவிடும். கூரையில் மோதித் திரும்பிப் பேச்சைக் குழப்பும் ஒலியும் தணியும். நடுவிலிருந்து ஓரம்வரை வலிமை எப்படித் தேய வேண்டும் என்று வகுத்துத் தருவதே சாளரச் சார்பு.

இந்த நன்மைக்கான விலையும் அதே காரணத்திலிருந்தே பிறக்கிறது. தொலைவு வேறுபாடு சரியாக ஓர் அலைநீளமாகும் திசையில், சமமாக இயங்கும் கம்பத்தின் நடுப் பாதியும் இரு ஓரக் கால் பங்குகளும் ஒன்றையொன்று முற்றாக அழித்துக் கற்றைக்கு எல்லை வகுக்கின்றன. ஓரங்களைத் தளர்த்தினால் அந்த அழிவு நிறைவு பெறாது, கற்றை அகன்றுவிடும். அரங்குகளில் பேச்சு தெளிவாகக் கேட்பதற்கு இந்த விலையைக் கொடுப்பது தகும் என்றே நான் கருதுகிறேன்.

கேள்வி: ரேடார் ஆன்டெனாக்களிலும் இதே முறைதானா? (வேலூர் வாசகர்)

பதில்: ஆம். திருப்பதிக்கு அருகிலுள்ள காதங்கியில், 53 மெகாஹெர்ட்ஸில் இயங்கும் வளிமண்டல ரேடார் இதற்கு மிகச் சிறந்த சான்று. ஏறத்தாழ 130 மீட்டர் பக்கமுள்ள சதுரத்தில், வரிசைக்கு 32 வீதம் 32 வரிசைகளாக 1024 யாகி வகை ஆன்டெனாக்கள் அங்கு நிற்கின்றன. அலைநீளம் சுமார் 5.7 மீட்டர் என்பதால், எல்லாவற்றுக்கும் சமமாக ஆற்றல் ஊட்டினால் கற்றையின் அகலம் 2.2 பாகை அளவில் இருக்கும் என்று கணக்கு காட்டுகிறது. டெய்லர் சாளரம் என்னும் சாளரச் சார்பைச் சற்றுத் திருத்தி ஆற்றலைப் பங்கிட்டதால் அது 3 பாகையாக அகன்றது. பக்க மடல்களோ முதன்மைக் கற்றையைவிட 20 டெசிபல் அளவுக்குத் தாழ்ந்தன. தெளிந்த காற்றிலிருந்து திரும்பும் எதிரொலி மிக மெலிதானது. பக்கவாட்டில் நுழையும் மலைகளின் எதிரொலி அதை மறைத்துவிடாமல் காப்பது இன்றியமையாதது. தொடக்க வடிவமைப்பில் இதற்காக 32 அலைபரப்பிகளையே 15 கிலோவாட் முதல் 120 கிலோவாட் வரை வெவ்வேறு திறன் கொண்டவையாக அமைத்திருந்தார்கள்.

கேள்வி: எந்தச் சாளரம் சிறந்தது? (கோவை வாசகர்)

பதில்: தேவையைச் சொன்னால்தான் விடை சொல்ல முடியும். பக்க மடல்கள் இந்த அளவைத் தாண்டக் கூடாது என்று வரையறுத்துவிட்டால், அதற்குள் மிக ஒடுங்கிய கற்றையைத் தரும் பங்கீட்டை டால்ஃப் என்ற ஆய்வாளர் 1946-இல் செபிஷெவ் பல்லுறுப்புக் கோவைகளைக் கொண்டு கண்டறிந்தார்.

ஆனால் எந்தச் சாளரமும் தீர்க்காத குறை ஒன்று உண்டு. ஒலிபெருக்கிகளின் மையங்கள் 10 சென்டிமீட்டர் இடைவெளியில் இருந்தால், சுமார் 3,400 ஹெர்ட்ஸில் அலைநீளமும் அதே 10 சென்டிமீட்டராகி, கம்பத்தின் நேர் மேலும் கீழும் முதன்மைக் கற்றைக்கு நிகரான போலிக் கற்றைகள் எழும். 6,800 ஹெர்ட்ஸில் அவை நேர்த்திசையிலிருந்து 30 பாகைக்கே நெருங்கி வந்துவிடும். சாளரம் அவற்றையும் முதன்மைக் கற்றையைப் போலவே வடிவமைக்குமே அன்றி அழிக்காது. ஒலிபெருக்கிகளை நெருக்கி அடுக்குவதே அதற்கு வழி.