அமெரிக்கப் பள்ளி மைதானத்தில் அடிபட்டால் யார் பொறுப்பு: அத்லெடிக் ட்ரெய்னரா, ஆம்புலன்ஸ்காரர்களா?

கேள்வி: மகன் ஹைஸ்கூல் ஃபுட்பால் (ஹெல்மெட் போட்டு மோதி ஆடும் அமெரிக்க ஆட்டம்) அணியில் சேர்ந்திருக்கிறான். ஆட்டத்தன்று அத்லெடிக் ட்ரெய்னர் ஒருவர் இருக்கிறார், ஓரமாக ஆம்புலன்சும் நிற்கிறது. ஏதாவது ஆகிவிட்டால் யார் முடிவெடுப்பார்கள்? ஒருவர் பேச்சை மற்றவர் கேட்பாரா?

நான் நியூஜெர்சியில் ஒரு தன்னார்வ ஆம்புலன்ஸ் குழுவில் இ.எம்.டி., அதாவது அவசர மருத்துவ உதவிக்குப் பயிற்சி பெற்றவன். வாரம் முழுக்கக் கணினி வேலை, சீசனில் வெள்ளிக்கிழமை இரவானால் மைதான ஓரத்தில் வண்டியோடு நிற்பேன். அதனால் இது ஆம்புலன்ஸ் பக்கத்திலிருந்து வரும் பதில்.

கேட்பார்கள், ஆட்டத்துக்கு முன்பே உட்கார்ந்து பேசியிருந்தால். பேசாவிட்டால் இரண்டு தரப்பும் எவ்வளவு கெட்டிக்காரர்களாக இருந்தாலும் முட்டிக்கொள்ள வாய்ப்பு உண்டு. வீம்பு என்று நினைக்காதீர்கள் (அதுவும் சில இடத்தில் உண்டு). இரண்டு பேரும் படித்த பாடமே வேறு.

அத்லெடிக் ட்ரெய்னர் என்பவர் உடற்பயிற்சி சொல்லித் தருபவர் இல்லை. விளையாட்டுக் காயங்களுக்கென்றே படித்து, தேர்வெழுதி, ஒரு மருத்துவரின் வழிகாட்டுதலில் வேலை செய்கிறவர். இன்று இந்தத் தொழிலுக்குள் வர முதுகலைப் படிப்பு வேண்டும். அமெரிக்க மருத்துவச் சங்கம் 1990-லேயே இதை ஒரு மருத்துவத் தொழிலாக ஏற்றுக்கொண்டது. நாங்களோ எங்கள் குழுவின் மருத்துவ இயக்குநரும் மாநிலமும் வகுத்த நெறிமுறைப்படி நடக்கிறவர்கள். அவருடைய மருத்துவர் எங்களுக்கு உத்தரவிட முடியாது, எங்கள் இயக்குநர் அவருக்கு உத்தரவிட முடியாது. பையன் புல்தரையில் கிடக்கும்போது இரண்டு பேருக்கும் பொதுவான மேலதிகாரி என்று அங்கே யாரும் இல்லை. பொதுவாக, மைதானத்துக்குள் ட்ரெய்னரோ அணி மருத்துவரோ முன்னின்று நடத்துவார். எங்கள் ஸ்ட்ரெச்சரில் ஏற்றியதும் பொறுப்பு எங்களுடையது. சிக்கல் வருவதெல்லாம் அந்த இடைப்பட்ட சில நிமிடங்களில்தான்.

இதற்கு வெப்பத் தாக்கத்தை விடச் சரியான உதாரணம் கிடையாது. ஆகஸ்ட் வெயிலில் கனமான பேட்களைப் போட்டுக்கொண்டு ஓடும் பையன் திடீரென்று உளற ஆரம்பிக்கிறான், தள்ளாடி விழுகிறான். மலக்குடலில் வைத்து அளந்தால் 40.5 டிகிரி செல்சியஸ், அதாவது 105 ஃபாரன்ஹீட். எங்களைப் போன்றவர்களின் கை கால் தானாகவே செய்யப் பார்ப்பது என்ன? தூக்கு, ஏற்று, மருத்துவமனைக்கு ஓட்டு. இங்கே அது தவறு. முதலில் குளிர்விக்க வேண்டும், பிறகுதான் கொண்டுபோக வேண்டும். ஐஸ் போட்ட தண்ணீர்த் தொட்டியில் கழுத்து வரை இறக்கி, தண்ணீரைக் கலக்கிக்கொண்டே இருந்து, உடல் வெப்பம் 102 ஃபாரன்ஹீட் அளவுக்கு இறங்கிய பிறகே வெளியே எடுக்க வேண்டும். விழுந்ததிலிருந்து அரை மணி நேரத்துக்குள் இது நடந்தால் பிழைக்கும் வாய்ப்பு மிக அதிகம். ஆம்புலன்சுக்குள் ஏசியும் அக்குளில் ஐஸ் பையும் அந்த வேகத்தைத் தராது.

இப்போது நாங்கள் வந்து இறங்குவதை நினைத்துப் பாருங்கள். பையன் தொட்டிக்குள் நினைவு தப்பிக் கிடக்கிறான், ட்ரெய்னர் "இன்னும் பத்து நிமிடம் ஆகும், தொடாதீர்கள்" என்கிறார். அவரை முன்பின் பார்த்ததில்லை. சுற்றிலும் பெற்றோர் "வண்டி வந்துவிட்டதே, ஏன் நிற்கிறீர்கள்?" என்று கத்துகிறார்கள். பெரும்பாலும் எங்கள் வண்டியில் இருப்பது காதிலோ நெற்றியிலோ வைக்கும் தெர்மாமீட்டர். இந்த நிலையில் அதை நம்பவே கூடாது. உள்ளே கொதிக்கும்போது வெளியே குறைவாகக் காட்டும். சரியான அளவு அவர் கையில்தான் இருக்கிறது. அந்த எண்ணை நம்பிப் பொறுத்து நிற்பதா, ஏற்றிக்கொண்டு கிளம்புவதா என்பதை அந்த நிமிடத்தில் விவாதிக்கவே கூடாது. எங்கள் நெறிமுறையில் அது இருக்கிறதா என்று சீசன் தொடங்கும் முன்பே இயக்குநரிடம் கேட்டு முடித்திருக்க வேண்டும்.

ஹெல்மெட் விஷயம் இன்னொன்று. எங்கள் பயிற்சியில் பெரும்பாலும் பார்ப்பது பைக் ஹெல்மெட். ஃபுட்பால் ஹெல்மெட்டைக் கழற்றினால் ஷோல்டர் பேடையும் சேர்த்துக் கழற்ற வேண்டும், இல்லையென்றால் இரண்டையும் விட்டுவிட வேண்டும். ஹெல்மெட்டை மட்டும் எடுத்தால் பேட் முதுகை உயர்த்தியபடி இருக்க, தலை பின்னால் சரிந்து கழுத்து மடங்கும். கழுத்தெலும்பு முறிந்திருந்தால் தண்டுவடம் சேதமாக அது போதும். முன்பெல்லாம் அப்படியே விட்டு மருத்துவமனையில் கழற்றச் சொன்னார்கள். 2015 வாக்கில், பழகிய கைகள் போதுமான அளவு இருந்தால் மைதானத்திலேயே கழற்றலாம் என்று பரிந்துரை மாறியது. பழைய பாடம் படித்தவரும் புதிய பாடம் படித்தவரும் ஒரே தலையைப் பிடித்துக்கொண்டு நின்றால் என்ன ஆகும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. முகக் கம்பியைக் கழற்றும் ஸ்க்ரூடிரைவர் ட்ரெய்னரின் பையில்தான் இருக்கும். எந்த ஜிப்பில் என்பது எங்களுக்கும் தெரிந்திருக்க வேண்டும்.

இதயம் நின்றுபோனால் கருத்து வேறுபாட்டுக்கே இடமில்லை. யாரும் மோதாமலே விழுந்து அசைவற்றுக் கிடந்தால் இதயம் என்றே எடுத்துக்கொண்டு, அருகில் இருப்பவர் மார்பை அழுத்தத் தொடங்க வேண்டும் (இதுதான் சிபிஆர்), ஏஇடி என்கிற மின் அதிர்ச்சிக் கருவி ஓடி வர வேண்டும். அதிர்ச்சி கொடுக்கத் தாமதமாகும் ஒவ்வொரு நிமிடமும் பிழைக்கும் வாய்ப்பு 7 முதல் 10 சதவீதம் குறையும்.

2023 ஜனவரி 2 அன்று சின்சினாட்டியில் பஃபலோ பில்ஸ் வீரர் டமார் ஹாம்லின் மைதானத்திலேயே விழுந்ததைப் பார்த்திருப்பீர்கள். அணியின் உதவி அத்லெடிக் ட்ரெய்னர் உடனே சிபிஆர் தொடங்கினார். அவர் ஆடும் என்.எஃப்.எல். என்ற தொழில்முறை லீகில் ஒவ்வொரு ஆட்டத்துக்கும் 60 நிமிடம் முன்பு இரண்டு அணி மருத்துவர்களும் ட்ரெய்னர்களும் ஆம்புலன்ஸ் குழுவும் கூடிப் பேசுவது கட்டாயம். பள்ளி அளவில் இதையே சின்னதாகச் செய்கிறார்கள், பத்து நிமிடம் போதும். முதலில் முகம் பார்த்துப் பெயர் சொல்லிக்கொள்வோம். ஏஇடி எங்கே, எந்த கேட் வழியாக வண்டி உள்ளே வரும், அதன் சாவி யாரிடம், கையை எப்படி உயர்த்தினால் "ஸ்ட்ரெச்சரோடு வா" என்று அர்த்தம், எந்த மருத்துவமனை, கூட ஏறி வருவது யார் என்று பேசிக்கொள்வோம். நாங்கள் ஒருவனை ஏற்றிக்கொண்டு போய்விட்டால் அடுத்த வண்டி வரும்வரை ஆட்டம் நிற்குமா என்பதை ரெஃப்ரியையும் வைத்துக்கொண்டு கேட்டுவிடுவேன். இதற்கு மட்டும் பல இடங்களில் பதில் தயாராக இருப்பதில்லை.

ஆனால் என் கவலை ஆட்ட நாள் இல்லை, பயிற்சி நாள். வெப்பத் தாக்கம் அதிகம் வருவது ஆகஸ்டில், பயிற்சியின் முதல் சில நாட்களில். அப்போது ஓரத்தில் ஆம்புலன்ஸ் நிற்காது. அமெரிக்க ஹைஸ்கூல்களில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்குக்கு அத்லெடிக் ட்ரெய்னரே கிடையாது. கோச் அவசர உதவி எண் 911-ஐ அழைத்துப் பள்ளி முகவரியைச் சொல்வார், வண்டி பள்ளியின் முன்வாசலுக்குப் போய் நிற்கும், மைதானமோ பின்பக்கம், நடுவில் பூட்டிய வேலி. வருகிற குழு அன்று பணியில் இருக்கும் ஏதோ ஒரு குழு, வெள்ளிக்கிழமை கைகுலுக்கிய நாங்களாகவே இருக்க வேண்டியதில்லை. அதனால்தான் அவசரத் திட்டத்தை எழுதி, உள்ளூர் ஆம்புலன்ஸ் குழுக்களுக்கும் கொடுத்து, வருடம் ஒருமுறையாவது மைதானத்தில் சேர்ந்து நடத்திப் பார்க்கச் சொல்கிறார்கள்.

சீசனுக்கு முன் பெற்றோர் கூட்டம் நடக்கும், போவீர்கள்தானே? முதல் நாள் பயிற்சியிலேயே தண்ணீர்த் தொட்டியும் ஐசும் தயாராக இருக்குமா, ட்ரெய்னர் வராத நாளில் அவர் வேலையை யார் பார்ப்பார், உள்ளூர் ஆம்புலன்ஸ் குழு உங்கள் திட்டத்தை எப்போது கடைசியாகப் பார்த்தது என்று கேளுங்கள். அப்புறம் மகனுக்கு ஆஸ்துமா, ஒவ்வாமை, அரிவாள் செல் பண்பு (sickle cell trait, பரம்பரையாக வரும் ரத்தம் சார்ந்த நிலை) எதுவாவது இருந்தால் ட்ரெய்னரிடம் நேரிலேயே சொல்லிவிடுங்கள். வண்டியில் ஏற்றும்போது எங்களுக்கு அதைச் சொல்லப்போவது அவர்தான்.