உடம்பில் எங்கே எவ்வளவு வெயில்? வாசகர் கேள்விகளும் பதில்களும்

சித்திரை மாதம் கடலைக் கொல்லையில் களை எடுக்கிறோம். முகத்தை முக்காட்டால் மூடியும் பின்கழுத்தும் இடுப்பும் எரிகின்றன. ஏன்? (பென்னாகரம்)

நம் பகுதி 12 பாகை வட அட்சத்தை ஒட்டியது. ஏப்ரல் 23 வாக்கிலும் ஆகஸ்ட் 20 வாக்கிலும் உச்சிச் சூரியன் நேர் தலைக்கு மேலே நிற்கும். அப்போது நிமிர்ந்து நிற்பவரின் கன்னத்தில் நேர்க்கதிர் அநேகமாக விழாது. உச்சந்தலை, தோள், மூக்குத்தண்டு, காதுமடலின் மேல்விளிம்பு, புறங்கால் ஆகியவைதான் வாங்கும். குனிந்ததும் முதுகு படுக்கை வசமாகி மொத்த வெயிலையும் ஏற்கிறது. ரவிக்கைக்கும் சேலைக்கட்டுக்கும் நடுவே தெரியும் நான்கு விரல் தோலுக்கு மறைப்பே இல்லை. ரவிக்கைக்கு மேலே முழுக்கைச் சட்டை போடுங்கள், குனிந்தாலும் இடுப்பு தெரியாத நீளத்தில். முக்காட்டுத் துண்டின் பின்நுனியைச் சட்டைக் காலருக்குள் செருகிவிடுங்கள், குனியும்போது விலகாது.

மாந்தோப்புக் காவலில் பகலெல்லாம் நிழலில்தான் இருக்கிறேன். ஆனாலும் கருக்கிறதே? (போச்சம்பள்ளி)

மரம் மறைப்பது நேர்க்கதிரை மட்டும். புற ஊதாக் கதிர் காற்றில் சிதறி வானம் முழுவதிலிருந்தும் வருகிறது. தெளிந்த நாளிலும் தோலைச் சுடும் கதிரில் பாதியளவு இப்படி வருவதுதான். உட்கார்ந்த இடத்திலிருந்து சுற்றிப் பாருங்கள்: எவ்வளவு வானம் தெரிகிறதோ அவ்வளவு உங்கள் மேல் விழுகிறது. தோப்பின் ஓரத்தை விட்டு நடுவே, அடர்ந்த மரத்தின் அடியில் கட்டிலைப் போடுங்கள்.

ஓசூர் குளிர்ச்சியான ஊர். அங்கே வெயில் குறைவுதானே? (கிருஷ்ணகிரி)

இல்லை. சூடு வேறு, புற ஊதா வேறு. 1,000 மீட்டர் ஏறினால் புற ஊதா சுமார் 10 சதவீதம் கூடும். ஓசூர் கிருஷ்ணகிரியைவிட ஏறக்குறைய 400 மீட்டர் உயரம், ஆகவே 4 சதவீதம் அதிகம்.

உடம்பில் விழும் வெயிலைக் கணினியில் கணக்கிடும் புராஜெக்ட் செய்கிறேன். தலைக்குள்ளே வெயில் அடிப்பதாக விடை வருகிறது! (தர்மபுரி, கல்லூரி மாணவி)

கணினியில் உடல் வடிவத்தை ஆக்கும் சிறு முக்கோணங்களின் நார்மல் வெக்டர் (பரப்புக்குச் செங்குத்தான திசை) உள்பக்கம் திரும்பியிருக்கும். முதலில் அவை எல்லாவற்றையும் வெளிப்பக்கம் திருப்புங்கள். உடலை 1 முதல் 2 செ.மீ. முக்கோணங்களாகப் பிரியுங்கள், காதும் மூக்கும் இன்னும் சிறிதாக வேண்டும். ஒவ்வொரு முக்கோணத்துக்கும் நார்மலையும் சூரியத் திசையையும் புள்ளிப் பெருக்கம் (இரு திசைகளும் எவ்வளவு ஒத்திருக்கின்றன என்று காட்டும் கணக்கு) செய்து, விடை எதிர்மறையானால் பூஜ்யமாக்குங்கள். பிறகு முக்கோணத்தின் மையத்திலிருந்து சூரியனை நோக்கி ஒரு கதிர் விடுங்கள். வேறு முக்கோணத்தில் முட்டினால் அங்கே நிழல். கதிரை 1 மி.மீ. வெளியே தள்ளித் தொடங்குங்கள், இல்லாவிட்டால் அது தன்மேலேயே முட்டி உடம்பெங்கும் புள்ளி புள்ளியாக நிழல் விழும். வானத்தை 145 கட்டங்களாகப் பிரித்து இதே சோதனையைச் செய்தால் சிதறிய ஒளியும் கிடைத்துவிடும். தரையின் பிரதிபலிப்பைக் கடைசியில் சேருங்கள். மண்ணும் புல்லும் 10 சதவீதத்துக்குக் கீழேதான்.

நேரத்தில்தான் பலர் சறுக்குகிறார்கள். தர்மபுரியில் சூரிய உச்சி 12.00 மணிக்கு அல்ல. ஏப்ரல் கடைசியில் 12.15 வாக்கில், பிப்ரவரியில் 12.30ஐத் தாண்டி.

சரிபார்க்க லக்ஸ் மீட்டர் உதவாது, அது கண்ணுக்குத் தெரியும் ஒளியை அளப்பது. புற ஊதா சென்சார் வாங்கினால் மேலே மெல்லிய டெஃப்லான் தகடு வையுங்கள். அது இல்லாமல் சாய்ந்து வரும் கதிரைச் சென்சார் குறைத்துக் காட்டும். கன்னத்திலும் கழுத்திலும் கணக்கு ஒத்துவராது.