விகிள், செயின் ரியாக்‌ஷன் போன்ற ஆன்லைன் சைக்கிள் உதிரிபாகக் கடைகள் ஏன் கவிழ்ந்தன?

ஆளாக்கியது மலிவு விலை. கவிழ்த்தது சரக்குத் தேக்கமும் கடனும். வட அயர்லாந்தில் 1984-இல் சின்னக் கடையாகத் தொடங்கிய செயின் ரியாக்‌ஷனும் இங்கிலாந்தின் விகிளும் 2016-இல் இணைந்தன.

கொரோனாவில் ஆளாளுக்கு சைக்கிள் ஏறினார்கள். செயின், கேசட் (பின்சக்கரத்தின் பல்சக்கரத் தொகுதி) எதுவும் கிடைக்கவில்லை. கடைகள் மாதக்கணக்கில் முன்கூட்டியே ஆர்டரை அள்ளிப்போட்டன. சரக்கு வந்து இறங்கும்போது வாங்க ஆளில்லை! கிடங்கைக் காலிசெய்ய எல்லோரும் தள்ளுபடியில் இறங்க, லாபம் கரைந்தது. பிரிட்டன் ஐரோப்பிய ஒன்றியத்தை விட்டு விலகிய பிரெக்சிட்டால் ஐரோப்பிய ஆர்டர்களுக்குச் சுங்கச் சிக்கல் வேறு.

ஆனாலும், என் பார்வையில், கழுத்தை அறுத்தது முதலாளிதான். 2021-இல் விகிளை வாங்கிய ஜெர்மன் ஆன்லைன் விளையாட்டுப் பொருள் நிறுவனமான சிக்னா ஸ்போர்ட்ஸ் யுனைடெட்டுக்குத் தருவதாகச் சொன்ன 15 கோடி யூரோவை, தாய் நிறுவனமான சிக்னா ஹோல்டிங் 2023 அக்டோபரில் தர முடியாதென்று கைவிரித்தது. விகிள் அந்த மாதமே திவால் நடவடிக்கைக்குப் போனது. அப்புறம் பிரிட்டனின் சில்லறை வணிக நிறுவனமான பிரேசர்ஸ் குழுமம் பெயர்களை மட்டும் வாங்கிக்கொண்டது.