என்னைப் பற்றித்தான் பேசுகிறார்கள்!

அன்புள்ள டாக்டர்,

வயது 67. ஓய்வுபெற்ற ஆசிரியை. கணவர் காலமாகி நான்கு வருடமாகிறது. திருநெல்வேலியில் மகன் குடும்பத்தோடு இருக்கிறேன். பென்ஷன் வருகிறது, பணத்துக்குக் குறைவில்லை. மரியாதைதான் இல்லை.

மருமகள் முகத்துக்கு நேரே எதுவும் சொல்ல மாட்டாள். எல்லாம் முணுமுணுப்பு. சமையலறையில் அவளும் மூன்றாவது படிக்கும் பேரனும் ஏதோ பேசிச் சிரிப்பார்கள். நான் போய் நின்றால் சிரிப்பு நின்றுவிடும். "என்னடா?" என்றால் "ஒண்ணுமில்ல ஆச்சி, விடுங்க" என்பான். எட்டு வயதுப் பிள்ளைக்கு இந்த 'ஒண்ணுமில்ல'யைச் சொல்லிக்கொடுத்தது யார்?

டிவி பார்த்துக்கொண்டிருந்தால் சொல்லாமல் கொள்ளாமல் வந்து சத்தத்தைக் குறைத்துவிட்டுப் போகிறாள். அந்த டிவி என் பணத்தில் வாங்கியது.

மகன் பேசினால் எனக்குத் தெளிவாகக் கேட்கிறது. இவர்கள் இரண்டு பேர் பேசினால்தான் முணுமுணுப்பு. அப்படியானால் வேண்டுமென்றேதானே? முப்பது வருடம் கடைசி பெஞ்சில் கிசுகிசுத்தவனைக்கூடப் பேர் சொல்லி எழுப்பியவள் நான். எங்கள் அம்மாதான் கடைசிக் காலத்தில் காது மந்தமாகி, தெருவில் போகிறவர்கள் எல்லாம் தன்னைத்தான் பேசுகிறார்கள் என்று சண்டைக்குப் போவாள். நாங்கள் கதவுக்குப் பின்னால் நின்று சிரிப்போம். அது வேறு கதை.

போன வாரம் மருமகள் போனில் 'ஹோம்' என்றதையும் 'சேர்க்கணும்' என்றதையும் என் காதாலேயே கேட்டேன். முதியோர் இல்லம்! மதுரையில் இருக்கும் மகளிடம் சொன்னேன். அவள் அண்ணனிடம் சண்டை போட்டாள். இப்போது மகனும் முகம் கொடுப்பதில்லை. நான் என்ன செய்ய?

– பெயர் வேண்டாம்

அன்புள்ள டீச்சர்,

'வேறு கதை' என்று நீங்கள் தாண்டிப்போன இடத்தில்தான் நான் நின்றுவிட்டேன். அம்மாவைப் போல ஆகிவிடுவோமோ என்ற பயம் உங்களுக்கு மருமகள் வருவதற்கு முன்பே இருந்திருக்கிறது.

மகன் பேசுவது கேட்கிறது, ஆகவே காதில் குறையில்லை. இந்த ஒன்றின் மேல்தான் மற்ற எல்லாவற்றையும் கட்டியிருக்கிறீர்கள். வயதாகும்போது காது ஒரேயடியாக மங்குவதில்லை. உயர்ந்த சுருதி ஒலிகள்தான் முதலில் கைவிடும். பெண்கள், குழந்தைகளின் குரல் அந்தப் பக்கம். ஆணின் கனத்த குரல் அதற்குப் பிறகும் வெகுநாள் கேட்கும். சொல்லுக்குள்ளும் இதே கதைதான்: ஆ, ஓ வந்து சேரும், ச, த போன்றவை தேய்ந்துவிடும். (வல்லினம் என்று நீங்கள் சொல்லிக்கொடுத்த எழுத்துகள், காதுக்கு என்னவோ பலவீனமானவை.) பேச்சு காதில் விழும், சொல் பிடிபடாது. அதைத்தான் முணுமுணுப்பு என்கிறீர்கள். மருமகளுக்கு எதிராக நீங்கள் கொண்டுவந்த சாட்சி, உங்கள் காதைப் பற்றித்தான் சொல்கிறது.

1981-ல் அமெரிக்க உளவியலாளர் பிலிப் ஜிம்பார்டோவும் உடன் பணியாற்றியவர்களும் ஒரு சோதனையை வெளியிட்டார்கள். கல்லூரி மாணவர்களை ஹிப்னாடிசத்தில் ஆழ்த்தி, தற்காலிகமாகக் காது மந்தமாக்கினார்கள். சிலருக்குக் காரணம் நினைவில் இருந்தது. சிலருக்கு அதையும் மறக்கடித்தார்கள். காரணம் தெரியாதவர்கள்தான் பக்கத்தில் இருந்தவர்களைச் சந்தேகப்பட்டார்கள், எரிச்சலும் பட்டார்கள். நல்ல இளவட்டங்களுக்கே அந்தக் கதி. உங்கள் அம்மாவைச் சொல்லி என்ன?

ஆனால் ஒன்றை உங்கள் பக்கம் நின்று சொல்ல என்னால் முடியாது. இரண்டு சொற்களைக் கேட்டு, நடுவில் இருந்ததை நீங்களே நிரப்பி, மகளிடம் முழு வாக்கியமாகக் கொடுத்திருக்கிறீர்கள். மூன்றாம் வகுப்புப் பையன் இருக்கிற வீட்டில் 'ஹோம்வொர்க்' ஒரு நாளைக்கு எத்தனை தடவை காதில் விழும்? வகுப்பில் இப்படி அரைகுறையாகக் கேட்டு ஒரு பையனை வெளியே நிறுத்தியிருப்பீர்களா? மகளுக்கு நீங்களே போன் செய்து, கேட்டது இரண்டு சொல்தான் என்று சொல்லிவிடுங்கள்.

'ஒண்ணுமில்ல' கசப்பான சொல்தான். மூன்று தடவை திருப்பிச் சொல்லி அலுத்தவர்கள் சொல்வது அது. பேரனிடம், எதிரில் வந்து முகம் பார்த்துப் பேசச் சொல்லுங்கள்.

நான் சொல்வதும் ஊகம்தான். இதைச் சோதித்துப் பார்க்க வழியிருக்கிறது. அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் காது மூக்கு தொண்டைப் பிரிவுக்குப் போங்கள். ஹெட்போன் மாட்டி, சத்தம் கேட்டால் பட்டனை அழுத்தச் சொல்வார்கள். மருமகளையே துணைக்குக் கூப்பிடுங்கள். ரிப்போர்ட்டை டாக்டர் விளக்கும்போது அவரும் பக்கத்தில் இருக்கட்டும். காது சரியாக இருக்கிறது என்று வந்தால் மறுபடி எழுதுங்கள். அந்த 'ஹோம்' விஷயத்தை அப்போது பேசுவோம்.