கலப்படம் என்று யார் சொன்னது?

கேள்வி: நாட்டுப்பாட்டுக்குள் மின்கிடாரையும் டிரம்ஸையும் திணித்துவிட்டு, அதை ‘ஃபோக் ராக்’ என்று கொண்டாடுகிறார்கள். இது கலப்படம்தானே? கேட்டே தீரவேண்டிய ஓர் ஆல்பமாவது அதில் உண்டா?
– வாசகர், திருநெல்வேலி

பதில்: உண்டு. 1969 டிசம்பரில் வெளிவந்த ‘லீஜ் அண்ட் லீஃப்’. ஃபேர்போர்ட் கன்வென்ஷன் என்ற லண்டன் குழுவுடையது. உங்கள் கலப்படப் புகாரையும் இதை வைத்தே விசாரித்துவிடலாம்.

மூன்றாவது பாட்டு ‘மேட்டி க்ரோவ்ஸ்’. பண்டிகை நாளில் தேவாலயத்துக்கு வரும் பிரபுவின் மனைவி, மேட்டி என்ற சாதாரண இளைஞனைப் பார்த்து, “என் வீட்டுக்கு வா” என்கிறாள். வேலைக்காரன் ஆற்றை நீந்திக் கடந்து போய் எஜமானனிடம் போட்டுக்கொடுக்கிறான். பிரபு வந்து கட்டில் அருகே நின்று, “என் மெத்தை எப்படி? விரிப்பு எப்படி? உன் கையணைப்பில் தூங்கும் என் பெண்டாட்டி எப்படி?” என்று விசாரிக்கிறான். கத்திச் சண்டையில் மேட்டி சாகிறான். “இப்போது யாரைப் பிடிக்கிறது?” என்று கேட்டவனிடம், “உன்னைவிடச் செத்துக்கிடக்கும் இவனே மேல்” என்கிறாள் அவள். அவளையும் கொன்றுவிட்டு, இருவரையும் ஒரே குழியில் புதைக்கச் சொல்கிறான் பிரபு. கூடவே ஓர் உத்தரவு: என் மனைவியை மேலே வையுங்கள், அவள் உயர்ந்த குலத்தவள்!

இந்தக் கடைசி வரியைக் குழுவின் பாடகி சாண்டி டென்னி பாடுவதைக் கேளுங்கள். குரலில் அழுகை இல்லை, கோபமும் இல்லை. நடந்ததைச் சொல்லிவிட்டு நகர்கிறார். பாட்டின் எந்த இடத்திலும் அவர் யார் பக்கமும் சாய்வதில்லை. குலை நடுங்குவது அதனால்தான். அவர் நிறுத்தியதும் டேவ் ஸ்வார்ப்ரிக்கின் வயலினும் ரிச்சர்ட் தாம்ப்சனின் மின்கிடாரும் ஒன்றையொன்று துரத்த ஆரம்பிக்கின்றன. குரல் காட்டாத ஆத்திரமெல்லாம் அங்கேதான் வெளியே வருகிறது. மின்சாரம் எதற்கு என்று கேட்டீர்களே, இதற்குத்தான்.

இனி கலப்படத்துக்கு வருவோம். இந்தக் கதைப்பாட்டு 17ஆம் நூற்றாண்டிலேயே இங்கிலாந்தில் புழங்கியது. குடியேறிகளோடு கப்பலேறி அமெரிக்காவுக்கும் போனது. ஃபேர்போர்ட் பாடும் மெட்டோ, அமெரிக்காவின் அப்பலாச்சிய மலைக்காரர்களுடைய ‘ஷேடி க்ரோவ்’ பாட்டின் மெட்டு. ஆங்கிலக் கதை, அமெரிக்க மெட்டு! நான்காவது பாட்டில் இன்னும் துணிச்சல்: ஒரு பழைய ஸ்காட்டிஷ் கதைப்பாட்டின் மெட்டை எடுத்துக்கொண்டு, தாம்ப்சன் தன் வரிகளைப் போட்டு ‘ஃபேர்வெல், ஃபேர்வெல்’ ஆக்கிவிட்டார். பாட்டுக்கட்டுகிறவர்கள் என்றைக்கும் செய்துவந்த வேலைதான் இது. மெட்டு ஓரிடம், வார்த்தை ஓரிடம் என்று சேர்த்துத்தான் நாட்டுப்பாட்டே பிழைத்திருக்கிறது. அப்போதெல்லாம் எழாத ‘கலப்படம்’ என்ற கூச்சல், பிளக்கைச் சொருகியதும் ஏன் எழுகிறது?

இவர்கள் விளையாட்டாக இதில் இறங்கவில்லை. 1969 மே 12 அதிகாலை, பர்மிங்ஹாமில் கச்சேரி முடித்துத் திரும்பும் வழியில் எம்1 நெடுஞ்சாலையில் வேன் கவிழ்ந்தது. டிரம்மர் மார்ட்டின் லாம்பிள் இறந்தார், வயது 19. தாம்ப்சனின் தோழியும் இறந்தார். லாம்பிளோடு வாசித்த பழைய பாட்டுகளை மறுபடி தொட மற்றவர்களுக்கு மனம் வரவில்லை. கோடையில் ஹாம்ப்ஷயர் கிராமம் ஒன்றில் வீடு எடுத்துத் தங்கினார்கள். பாஸ் கிடார் வாசித்த ஆஷ்லி ஹட்சிங்ஸ், லண்டனின் நாட்டார் இசை மையமான செசில் ஷார்ப் இல்லத்து நூலகத்தில் பழைய பாட்டுத் தொகுப்புகளைத் துருவியெடுத்தார். நாட்டுப்பாட்டு மேடைகளில் ஊறிய ஸ்வார்ப்ரிக் முழுநேரமாகச் சேர்ந்தார். நடன மண்டபங்களில் வாசித்துக்கொண்டிருந்த டேவ் மாட்டாக்ஸ் டிரம்ஸுக்கு வந்தார். இவர் ஒரு வரம். கதை நடக்க எவ்வளவு அடி வேண்டுமோ அவ்வளவுதான் அடிப்பார்.

‘டாம் லின்’ பாட்டில் அதைக் கவனியுங்கள். தேவதை ராணியிடம் சிறைப்பட்ட காதலனை, கருவுற்ற ஜேனட் நள்ளிரவில் குதிரையிலிருந்து இழுத்துப் பிடித்துக்கொள்கிறாள். அவன் பாம்பாகிறான், சிங்கமாகிறான், அவள் விடுவதாயில்லை. ஏழு நிமிடத்துக்கு மேல் ஓடும் பாட்டில் கிடார் வெட்டி வெட்டி விழுகிறது. தாளமும் ஓரிடத்தில் கால்பாவி நிற்க விடாது. காலாட்டிக்கொண்டே கேட்க நினைத்தால் ஏமாந்துபோவீர்கள்.

குறை இல்லையா? முதல் பாட்டு ‘கம் ஆல் யி’ வெறும் வரவேற்பு, தாண்டிப்போனால் நஷ்டமில்லை. நடுவில் வரும் ஜிக், ரீல் என்ற நடன மெட்டுகளின் தொகுப்பில் வயலின் அபாரம், ஆனால் மேடையில் நேரில் கேட்க வேண்டிய சரக்கு அது. கடைசிப் பாட்டு ‘க்ரேஸி மேன் மைக்கேல்’, பழசுபோலவே ஒலிக்கும் புதுசு: தாம்ப்சன் வரிகள், ஸ்வார்ப்ரிக் மெட்டு. தான் குத்திக் கொன்ற காகம் தன் காதலிதான் என்று கண்டு பித்தாகிறவன் கதை. விபத்து நடந்த அதே வருடத்தில் தாம்ப்சன் எழுதியது என்பதை நினைவில் வைத்துக் கேளுங்கள்.

ஆல்பம் கடைக்கு வருவதற்குள் டென்னியும் ஹட்சிங்ஸும் குழுவை விட்டுப் போய்விட்டார்கள். 2006இல் பிபிசி ரேடியோ 2 நாட்டார் இசை விருதில், எக்காலத்துக்கும் அதிகத் தாக்கம் ஏற்படுத்திய ஆல்பம் என்று இதைத்தான் தேர்ந்தெடுத்தார்கள்.

‘மேட்டி க்ரோவ்ஸ்’ எட்டு நிமிடம். கேட்டு முடித்த பிறகும் கலப்படம் என்றே தோன்றினால் இன்னொரு கடிதம் போடுங்கள், ஒரு வரி வெட்டாமல் பிரசுரிக்கிறேன்.