எலி மூளையில் பாரிசவாதம்: உங்கள் கேள்விகளும் என் பதில்களும்

எலியில் பாரிசவாதத்தை உண்டாக்கி ஆராய்வது பற்றி நம் பக்கத்திலிருந்து வந்த கேள்விகளுக்கு இங்கே பதில் தருகிறேன். மூளையின் இரத்தக் குழாய் அடைபட்டு வரும் வாதம் மட்டும்தான் இன்றைய பேச்சு. வெடித்து வருவது வேறு கதை.

வந்தாறுமூலை, மாணவி: எலிக்கு எப்படி சேர் வாதத்தை வரவைப்பது?

அதிகம் பேர் செய்வது நூல் முறை, மகள். ஆய்வாளர்கள் கொய்சுமி 1986இலும் லோங்கா 1989இலும் எழுதியது. எலியை மயக்கி, நுனியில் சிலிக்கன் பூசிய மெல்லிய நைலோன் நூலை உட்கழுத்து நாடி வழியாக மேலே செலுத்துவோம். மூளையின் நடு நாடி பிரியும் வாயில் அது அடைத்துக்கொள்ளும். 60 அல்லது 90 நிமிடம் கழித்து இழுத்துவிட்டால் இரத்தம் திரும்பப் பாயும். நூல் மெலிந்தால் அடைப்பு அரைகுறை. கூடுதலாகத் தள்ளினால் குழாய் கிழியும். இரத்த ஓட்டத்தை ஒளியால் அளக்கும் லேசர் டொப்ளர் கருவியில் ஓட்டம் சட்டென்று விழுந்ததைப் பார்த்த பிறகே நேரத்தை எண்ணத் தொடங்குங்கள். உடல் வெப்பம் 37 பாகையில் நிற்கட்டும். எலி குளிர்ந்தால் அந்தக் குளிரே மூளையைக் காக்கும், மருந்து காத்தது என்று நினைத்துவிடுவீர்கள்.

மறுநாள் மூளையை 2 மில்லிமீற்றர் துண்டுகளாக வெட்டி டீடீசி என்ற சாயக் கரைசலில் வைத்தால் உயிருள்ள பகுதி சிவக்கும், செத்த இடம் வெள்ளையாகவே நிற்கும்.

காத்தான்குடி, கடைக்காரர்: என் வாப்பாவுக்கு வயது போய்விட்டது, பிரஷர், சீனி வருத்தம் எல்லாம் இருக்கு. எலியில் பார்த்த மருந்து அவருக்குப் பொருந்துமா?

வந்த கேள்விகளில் இதைத்தான் முக்கியமாக நினைக்கிறேன். நீண்டகாலமாக ஆய்வுக்கூடங்கள் எடுத்தது நோயில்லாத இளம் ஆண் எலிகளை. மருந்தையும் அடைப்பு வந்த கையோடு, சிலர் முன்கூட்டியே கொடுத்தார்கள். ஆஸ்பத்திரிக்கு வருபவரோ மணிக்கணக்கில் பிந்தித்தான் வருகிறார். எலி மூளை ஏறத்தாழ 2 கிராம்தான், அதில் மடிப்பும் இல்லை. என்எக்ஸ்வை-059 என்ற மருந்து விலங்குகளில் நன்றாக வேலை செய்தது, 2006இல் நோயாளரிடமும் நம்பிக்கை தந்தது, 2007இல் வெளியான பெரிய பரிசோதனையில் பலனே இல்லை.

ஆகவே உங்கள் வாப்பாவைப் போன்ற எலி வேண்டும்: கிழடு தட்டியது, பிரஷர் உள்ளது, சீனி கூடியது. பெண் எலியும் வேண்டும். எந்த எலிக்கு மருந்து போனது என்று அளப்பவருக்குத் தெரியவே கூடாது. இவற்றைச் செய்யாத ஆய்வு எவ்வளவு அழகான படம் காட்டினாலும் நான் நம்பமாட்டேன்.

கல்முனை, தாதி: அப்போ எலி ஆய்வெல்லாம் வீணா சேர்?

இல்லை தங்கச்சி. வார்ட்டில் நீங்கள் ஏற்றும் கட்டி கரைக்கும் டீபீஏ மருந்து 1985இல் முயல்களில் பலன் காட்டியது, 1995இல் மனிதரில் நிரூபணமானது. அந்த முயல்களில் அடைத்தது உண்மையான இரத்தக்கட்டி. நைலோன் நூலை எந்த மருந்தும் கரைக்காதே! கேள்வி எதுவோ அதற்கேற்ற முறையை எடுக்க வேண்டும். கை கால் மீள்வதைப் பார்க்க வேண்டுமென்றால் ரோஸ் பெங்கால் சாயமும் ஒளியும் கொண்டு மேற்பரப்பில் சின்னக் காயம் உண்டாக்குவது போதும்.

அக்கரைப்பற்று, ஆசிரியர்: அந்த உயிர்களின் வேதனை?

நெறிமுறைக் குழுவின் அனுமதி இல்லாமல் தொடங்கவே கூடாது. சத்திரசிகிச்சைக்குப் பிறகு வலிமருந்து கட்டாயம். ஒரு பக்கம் விழுந்த எலி எட்டித் தின்னாது. ஊறவைத்த தீனியைக் கூட்டின் தரையிலேயே வைக்க வேண்டும். எத்தனை எலி தேவை என்பதை முன்பே கணக்கிட வேண்டும். குறைத்து எடுத்து முடிவு வராமல் போனால் அத்தனை உயிரும் வீண், அதுவும் கொடுமைதான்.