பாட்டிக்குச் சீட்டாடவே தெரியாது

கேள்வி: அம்மா இறந்து எட்டு மாதம் ஆகிறது. என் பிள்ளைகளுக்கு அவர் உயிரான பாட்டி. பேச்சை எடுத்தாலே எனக்கு அழுகை வந்துவிடுகிறது. பிள்ளைகள் முன்னால் அவரைப் பற்றிப் பேசலாமா, இல்லை கொஞ்ச நாள் விட்டுவிடுவது நல்லதா? அவர் நினைவை அவர்களிடம் எப்படித் தக்கவைப்பது?

பேசுங்கள். அழுகை வந்தால் அழுங்கள். கேள்விக்குப் பதில் இவ்வளவுதான். மீதி என் கதை, நேரமிருந்தால் படியுங்கள்.

என் அம்மா போய் மூன்று வருடம் முடிந்துவிட்டது. அப்போது என் மகளுக்கு ஐந்து வயது, அண்ணன் மகனுக்கு இரண்டு. முதல் தப்பை அண்ணன் செய்தான் (இதை அவனும் படிப்பான், பரவாயில்லை). "பாட்டி தூங்கிட்டாங்க, இனிமே எழுந்திருக்க மாட்டாங்க" என்று என் மகளிடம் சொல்லிவிட்டான். நல்ல எண்ணம்தான். ஆனால் அன்றிலிருந்து இரண்டு வாரம் அவள் படுக்கப் பயந்தாள். விளக்கை அணைத்ததும் பக்கத்தில் ஊர்ந்து வந்து, என் இமையை விரலால் தூக்கித் தூக்கிப் பார்ப்பாள்.

செத்தவர்கள் திரும்பி வரமாட்டார்கள் என்பது பெரும்பாலான பிள்ளைகளுக்கு ஐந்திலிருந்து ஏழு வயதுக்குள்தான் மெல்லப் பிடிபடுகிறது. தூக்கம், பயணம் என்று நாம் சுற்றி வளைத்தால் அதை அப்படியே நம்பிவிடுவார்கள். கடைசியில் ஒருநாள் உட்காரவைத்து, "பாட்டி செத்துப் போயிட்டாங்க. அவங்க உடம்பு வேலை செய்யறத நிறுத்திடுச்சு. தூக்கம் வேற. நீயும் நானும் காலையில எழுந்துடுவோம்" என்றேன். குழந்தையிடம் போய் 'செத்து' என்ற சொல்லைச் சொன்னதற்கு உறவில் ஒருவர் என்னோடு ஒரு மாதம் பேசவில்லை. மகள் அன்று ராத்திரி தூங்கினாள். எனக்கு அது போதும்.

அதற்கப்புறம் நானும் உங்களைப் போலத்தான். அம்மா பேச்சு வந்தால் தொண்டை அடைக்கும், எழுந்து உள்ளே போய்விடுவேன். மகள் கவனித்திருக்கிறாள். அம்மா வருத்தப்படுவாள் என்று பாட்டி பேச்சையே எடுக்காமல் இருந்திருக்கிறாள். ஒரு வருடம் கழித்து அவள் சிநேகிதி வீட்டுக்கு வந்தபோது, இரண்டும் சீட்டுக்கட்டை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தன. "எங்க பாட்டிக்குச் சீட்டாடவே தெரியாது. எப்பப் பாரு தோத்துடுவாங்க, பாவம்" என்று அவள் சொல்வது அடுத்த அறையில் இருந்த எனக்குக் கேட்டது.

யாருக்கு? என் அம்மாவுக்கா?

என் அம்மா சீட்டாட்டத்தில் பிசாசு. ரம்மியில் நான் எந்தச் சீட்டுக்காகக் காத்திருக்கிறேன் என்பது என் புருவத்தைப் பார்த்தே தெரிந்துவிடும். விட்டுக்கொடுத்ததே இல்லை. எட்டு வயதில் நான் தோற்று அழுதபோது, "அழுது முடிச்சிட்டு வா, அடுத்த ஆட்டம் போடலாம்" என்று சீட்டைக் கலைத்துக்கொண்டே சொன்ன ஆள். வீட்டுப்பாடம், முடி, உட்காரும் விதம் எல்லாவற்றிலும் அதே கறார்தான். அவர் இறந்த அன்று வந்தவர்கள் எல்லாம் "எவ்வளவு பொறுமை அந்தம்மாவுக்கு" என்றபோது எனக்குச் சிரிப்பு வரப் பார்த்தது. அந்தப் பொறுமை அறுபது வயதுக்கு மேல் வந்தது. எனக்குக் கிடைக்காதது.

இதைப் படித்ததும் "பெற்ற தாயைக் குறை சொல்கிறாள்" என்று கிளம்புவீர்கள், தெரியும். குறை சொல்லவில்லை. உள்ளதைச் சொல்கிறேன். செத்த மறுநாளே ஒருவரைத் தெய்வமாக்கிச் சுவரில் மாட்டிவிட்டால், நமக்குத் தெரிந்த அந்த மனுஷி இரண்டாவது முறையும் போய்விடுகிறாள். எனக்கு என் அம்மா கறாராகவே வேண்டும்.

மகள்மேல் பொறாமையும் வந்தது, ஒப்புக்கொள்கிறேன். அம்மாவின் பழைய தொலைபேசி நோட்டு ஒன்று என்னிடம் இருக்கிறது. நீல அட்டை, முனை மழுங்கியது. எண்களை எல்லாம் பென்சிலில்தான் எழுதுவார், ஆட்கள் எண்ணை மாற்றிக்கொண்டே இருப்பார்கள் என்பதால். ஆனால் இறந்தவர்களின் எண்ணை அழித்ததில்லை. பெயருக்குப் பக்கத்தில் சின்னதாக ஒரு புள்ளி மட்டும் வைப்பார். மகள் சொன்னதைக் கேட்ட அன்று அந்த நோட்டைப் பின்பக்கத்திலிருந்து புரட்டினேன். கழுதை ஆட்டத்தின் கணக்கு. தேதி, அதற்கு நேரே அன்று யார் கழுதை ஆனது. பா, பா, பா, பா. இரண்டரைப் பக்கத்துக்கு மேலிருந்து கீழாக வெறும் 'பா'. ஒரே ஒரு இடத்தில் மட்டும் மகள் பெயரின் முதல் எழுத்து, அதையும் அடித்துவிட்டுப் 'பா' என்று எழுதியிருந்தார். என் அம்மா ஒரு ஆட்டக் கணக்கைத் திருத்திப் பொய்க்கணக்கு எழுதியிருக்கிறார். அன்றைக்குத்தான் ஒழுங்காக அழுதேன், மகள் முன்னாலேயே. அவள் போய்த் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள்.

அதனால் உங்களுக்கு ஒன்று சொல்வேன். பிள்ளைகளுக்கு நினைவூட்டக் கிளம்பும் முன், அவர்களிடம் என்ன இருக்கிறது என்று கேளுங்கள். நம்மிடம் இருப்பது அம்மா, அவர்களிடம் இருப்பது பாட்டி. இரண்டும் ஒரே ஆள் என்று நினைத்து நம் கதையைத் திணித்தால் அவர்களுடையது அமுங்கிப் போகும். ரொம்பச் சின்னப் பிள்ளை இருந்தால் அது வேறு. மூன்று, மூன்றரை வயதுக்கு முன் நடந்தது பெரும்பாலும் யாருக்கும் பின்னாளில் நினைவிருப்பதில்லை. அண்ணன் மகனுக்குப் பாட்டி என்பது நாங்கள் சொல்லும் கதை மட்டும்தான், ஆகவே அவனுக்கு நிறையச் சொல்கிறோம்.

அப்புறம் துக்கத்துக்கு ஐந்து கட்டங்கள் என்கிறார்களே, அது. மறுப்பு, கோபம், பேரம், மனச்சோர்வு, ஏற்பு என்று ஒரு படத்தை உங்களுக்கும் யாராவது அனுப்பியிருப்பார்கள். எனக்கு நான்கு பேர் அனுப்பினார்கள். கோபம் எப்போது வரும் என்று பேருந்துக்கு நிற்பதுபோல் நின்றேன். எலிசபெத் கியூப்ளர்-ராஸ் என்ற மனநல மருத்துவர் 1969-இல் அதை எழுதியது சாவை நெருங்கிய நோயாளிகளிடம் பேசிவிட்டு, அவர்கள் தங்கள் சாவை எதிர்கொண்ட விதம் பற்றி. பிரிவில் நிற்கும் நமக்கும் அதே படிக்கட்டு என்பது பின்னால் வந்த பேச்சு. "இன்னும் அழறியா, விட்டு வெளிய வா" என்பவர்களுக்கும் ஒன்று. துக்கம் என்பது போனவரிடமிருந்து மனதைக் கொஞ்சம் கொஞ்சமாகப் பிரித்தெடுக்கும் வேலை என்று 1917-இல் எழுதிய, உளப்பகுப்பாய்வைத் தொடங்கிவைத்த மருத்துவர் ஃபிராய்டே, 1920-இல் தன் மகள் சோஃபியைப் பறிகொடுத்தார். ஒன்பது வருடம் கழித்து, அவள் இருந்திருந்தால் 36 வயது ஆகியிருக்கும் நாளில், நண்பருக்கு எழுதிய கடிதத்தில் அந்த இடம் நிரம்பாது, நிரம்பாமல் இருப்பதுதான் சரி என்ற பொருளில் எழுதினார். அவருக்கே ஒன்பது வருடம். நமக்கு எட்டு மாதம் ஒரு கணக்கா?

நான் மருத்துவர் இல்லை, முன்னமே சொல்லிவிடுகிறேன். நீண்டகாலத் துக்கத்தை ஒரு கோளாறாக அமெரிக்க மனநல மருத்துவர் சங்கம் 2022-இல் தன் கையேட்டில் சேர்த்தது உண்மை. பெரியவர்களுக்கு அதில் குறைந்தது 12 மாதம் என்று வைத்திருக்கிறார்கள். அதுவும் அநேகமாகத் தினமும் வாட்டி, அன்றாட வேலையே ஓடாமல் போனால்தான். அப்படி இருந்தால் அதற்காகக் காத்திருக்காமல் இப்போதே போய்ப் பாருங்கள். பேச்செடுத்தால் அழுகை வருவது மட்டும் என்றால், அது அம்மாவை இழந்தவர்களுக்கு வருவது.

இன்னொன்று, இது அவசரம். அம்மாவின் குரல்பதிவுகள் போனில் இருந்தால் இன்றைக்கே வேறு இடத்தில் எடுத்து வையுங்கள். என்னிடம் 46 இருக்கின்றன. எல்லாமே "பதிவாகுதா?" என்றுதான் ஆரம்பிக்கும். முடிக்கத் தெரியாது. "சரி வச்சிடறேன்" என்ற பிறகும் ஜன்னலைச் சாத்தச் சொல்லி அப்பாவோடு வாக்குவாதம் ஓடிக்கொண்டிருக்கும். கூகுள் கணக்கில் படங்கள் இருந்தால் இரண்டு வருடம் திறக்காத கணக்கை அவர்கள் நீக்கிவிடக்கூடும். அதையும் பார்த்துக்கொள்ளுங்கள்.

அம்மாவின் எண்ணை என் பெயருக்கு மாற்றிக்கொள்ளலாம் என்று தொலைபேசி நிறுவனத்துக்குப் போனேன். இறப்புச் சான்றிதழைக் கையில் வாங்கி இரண்டு பக்கமும் பார்த்த பையன், "சந்தாதாரரே நேர்ல வந்து கையெழுத்துப் போடணும் மேடம்" என்றான். மூன்று முறை போனேன், மூன்று பேர், அதே பதில். மூன்றாம் முறை நானும் கத்திவிட்டேன். அதற்குள் கட்டணம் கட்டாத எண் என்று துண்டித்து வேறு யாருக்கோ கொடுத்துவிட்டார்கள். இப்போது என் போனில் 'அம்மா' என்ற பெயருக்குப் பக்கத்தில், மோட்டார் சைக்கிளில் சாய்ந்தபடி கருப்புக் கண்ணாடி போட்ட ஒரு பையன் நிற்கிறான். அவன்மேல் என்ன தப்பு. பெயரை அழிக்க மனம் வரவில்லை. கடைசியில் பெயருக்குப் பின்னால் ஒரு புள்ளி வைத்தேன்.

மகளுக்கு இப்போது எட்டு வயது. பாட்டி வேண்டுமென்றே தோற்றார் என்று அண்ணன் அவளிடம் சொல்லிவிடுவான் போலிருந்தது, தடுத்துவிட்டேன். அவளாகக் கண்டுபிடிக்கும்போது கண்டுபிடிக்கட்டும். போன வாரம் நோட்டை எடுத்துக்கொண்டு வந்தாள். பின்பக்கத்தில் இன்னும் பதினொரு பக்கம் காலியாக இருக்கிறதாம், நம் ஆட்டக் கணக்கை அதில் எழுதலாமா என்று கேட்டாள். யோசித்துச் சொல்கிறேன் என்றேன். இன்னும் சொல்லவில்லை.